இரண்டாம் பக்கத்தின் ஒரு நிமிடம்

என்னிடம் ஓர் இசைத்தட்டு இருக்கிறது. எட்டுப் பாட்டுகள், எட்டும் ஹீப்ரு மொழியில். ஒரு சொல்கூட எனக்கு விளங்காது. அட்டையில் மூன்று பேர் செங்கல் சுவர் ஒன்றின் முன் நிற்கிறார்கள், ஒருவர் முகத்திலும் சிரிப்பில்லை. இரண்டாம் பக்கத்தில் ஆறாம் பாட்டு முடிந்து ஏழாம் பாட்டு தொடங்குமுன் ஒரு நிமிடம் ஒன்றும் இல்லை. கேட்கிறவர்கள் ஊசிக்கு என்ன நடந்தது என்று எழும்பிப் பார்ப்பார்கள். அந்த ஒரு நிமிடம் அந்தக் குழுவில் டிரம்ஸ் அடித்தவனுக்குச் சொந்தமானது. அதை அழித்தவன் நான்.

வேண்டுமென்று அழிக்கவில்லை. ஆனால் தெரியாமல் நடந்துவிட்டது என்று சொல்லித் தப்பப் பார்க்கிறவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும், ஆகையால் அந்தச் சாக்கை நானும் சொல்லப்போவதில்லை.

எண்பத்தாறாம் ஆண்டு, மாசி மாதக் குளிர். ஹனோவரிலிருந்து ரயிலில் அரை மணி தூரத்தில், மூடிப்போன ஒரு விடுதியில் எங்களை வைத்திருந்தார்கள். ஹைம் என்பார்கள். அறைக்கு நாலு பேர், ஒரு ஜன்னல். அகதி விண்ணப்பம் போட்டவன் வேலை செய்யக் கூடாது. அனுமதி இல்லாமல் மாவட்ட எல்லையைத் தாண்டக் கூடாது. புதன்கிழமை அலுவலகத்து ஆள் வரும்போது நேரில் நின்று கையெழுத்து வைக்க வேண்டும். மற்ற நேரம் முழுக்கச் சும்மா இருக்கலாம். சும்மா இருப்பதுதான் எனக்கு வராத ஒன்று. இருந்தால் கால் ஆடும், நின்றால் கை எதையாவது நோண்டும். ஹைமின் நடையில் இந்தத் தொங்கலிலிருந்து அந்தத் தொங்கலுக்கு நடந்தே என் சப்பாத்தின் அடி தேய்ந்துபோயிருந்தது. என் அறையில் வயதில் மூத்தவர் ஒருவர் இருந்தார், அண்ணை என்று கூப்பிடுவோம். சமைக்க மட்டும்தான் கட்டிலை விட்டு இறங்குவார். "உன்னைப் பார்க்க எனக்குத் தலை சுத்துது, ஒரு இடத்தில இரு" என்று நாளுக்குப் பத்துத் தரம் சொல்லுவார். நான் இருக்கமாட்டேன்.

யாழ்ப்பாணத்தில் நானும் என் சிநேகிதனும் சேர்ந்து றெக்கோடிங் பார் ஒன்று வைத்திருந்தோம். ஆட்கள் வெறும் கசெற்றும் பாட்டுப் பட்டியலும் கொண்டுவருவார்கள். அந்தப் பாட்டுகளை வரிசையாகப் பதிந்து கொடுப்பது எங்கள் தொழில். எங்கள் கடையில் இரண்டு சட்டம் இருந்தது. முதலாவது, நாடாவில் வெறுமை விடக் கூடாது. ஒரு பாட்டு முடிந்த கையோடு அடுத்தது பிடிக்க வேண்டும். இடையில் நாலு விநாடி இரைச்சல் ஓடினாலும் வாங்கினவன் திரும்பி வந்து சண்டை பிடிப்பான். பாட்டின் நீளத்தைக் கடிகாரம் பார்க்காமல் சொல்வேன். ஒரு நிமிடம் எவ்வளவு என்பது என் உடம்புக்குத் தெரியும். இரண்டாவது சட்டம், வெட்டி எறிகிற துண்டு நாடா எதுவும் கடையில் கிடக்கக் கூடாது, உடனே நெருப்பில் போட வேண்டும். போராளி இயக்கங்களின் பாட்டும் பேச்சும் கசெற்றில் கைமாறிய காலம் அது. தேடுதலுக்கு வருகிற ஆமிக்காரனுக்கு இந்தத் துண்டில் இருப்பது சினிமாப் பாட்டுத்தான் என்று விளங்கப்படுத்திக்கொண்டு நிற்க முடியாது.

இரண்டாவது சட்டத்தை ஒரே ஒரு நாள் நான் மீறினேன். அறுந்த கசெற் ஒன்றைத் திருத்தும்போது வெட்டிய ஒரு முழ நாடாவை மேசை லாச்சிக்குள், இழுப்பறைக்குள், போட்டேன், பிறகு எரிக்கலாம் என்று. தேத்தண்ணி குடிக்க எதிர்க் கடைக்குப் போனேன். அந்த நேரம்தான் ஆமி வந்தது. லாச்சியை இழுத்தார்கள், துண்டை எடுத்தார்கள், அதில் என்ன இருக்கிறது என்று போட்டுக் கேட்கவும் இல்லை. சிநேகிதனை ட்ரக்கில் ஏற்றிக்கொண்டு போனார்கள். தேத்தண்ணிக் கடை வாசலில் கையில் கிளாஸோடு நின்று அதைப் பார்த்தேன். அதன் பிறகு அவனைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. செத்துவிட்டான் என்று ஒருவரும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. ஜெர்மனிக்கு வந்த பிறகும் அவனுடைய அம்மா எனக்கு மாதம் ஒரு கடிதம் போட்டுக்கொண்டிருந்தார். அவன் வந்தால் உன்னிடம்தான் அனுப்புவேன், அங்கே அவனுக்கும் ஓரிடம் பார்த்து வை என்று எழுதுவார். நானும் சரி அம்மா என்று பதில் போடுவேன். லாச்சி விஷயத்தை எழுதியதில்லை.

இனிப் பாட்டுக்கு வருகிறேன். எங்களுக்கு ஜெர்மன் சொல்லித்தர ஒரு பெண்மணி சம்பளமில்லாமல் ஹைமுக்கு வருவார். பாடத்துக்குக் கொண்டுவந்த கசெற்றை ஒரு நாள் மெஷின் தின்றுவிட்டது. அவர் அதை எறியப் போனார். நான் பிடுங்கி எடுத்து, பென்சிலாலும் ஒட்டுத் தாளாலும் பத்து நிமிடத்தில் திருத்திக் கொடுத்தேன். இரண்டு கிழமை கழித்து அவர் என்னைத் தனியே கூப்பிட்டார். அவருடைய கணவர் ஹனோவரில் பழைய கம்பளி ஆலை ஒன்றின் நிலவறையில் ஒலிப்பதிவுக் கூடம் நடத்துகிறார். பனி உறைந்த படியில் சறுக்கி வலது மணிக்கட்டை உடைத்துக்கொண்டார். நாடா வெட்ட ஒரு கை வேண்டும். சம்பளம் தந்தால் சட்டப்படி குற்றம், சாப்பாடு தரலாம் என்றார். மாவட்ட எல்லையைத் தாண்டுவதும் குற்றம்தான். பிடிபட்டால் என் விண்ணப்பத்துக்கு நல்லதல்ல என்று இரண்டு பேருக்கும் தெரியும். அடுத்த நாள் காலை முதல் ரயிலில் போனேன்.

அண்ணைக்கு விஷயம் தெரிந்ததும் கட்டிலில் எழும்பி உட்கார்ந்தார். யாருக்குப் பாட்டு வெட்டப் போகிறாய் என்று கேட்டார். இஸ்ரேலிலிருந்து வந்த பிள்ளைகளாம் என்றேன்.

"அவங்கட ஆக்கள்தான் கொழும்புக்கு வந்து சிங்கள ஆமிக்குச் சண்டை பழக்கிக் குடுக்கிறாங்கள் எண்டு பேப்பரில கிடக்கு. நீ போய் அவங்களுக்குப் பாட்டு வெட்டிக் குடு. நல்ல பொருத்தம்."

எனக்குக் கோபம் வந்தது, அவர் சொன்னதில் பிழை இல்லை என்பதால் இன்னும் கூட வந்தது. ஆனால் மூன்று சுவரையும் ஒரு ஜன்னலையும் பார்த்துக்கொண்டு இன்னொரு நாள் இருக்க என்னால் முடியாது. அவர் நீட்டிய பேப்பரை மடித்து அவரிடமே கொடுத்துவிட்டுப் போனேன்.

அவர்கள் மூன்று பேர். தலைமயிரை ஒட்ட வெட்டிய பாடகி, கிட்டாரும் அவள்தான். பேஸ் கிட்டார்காரன் உயரமானவன், எதற்கும் ஒரு மறுப்புச் சொல்வான். டிரம்ஸ் அடிப்பவன் பேசவே மாட்டான். மூன்று பேரும் கட்டாயப் படைச் சேவையை முடித்துவிட்டு நாட்டை விட்டு வெளிக்கிட்டவர்கள். டிரம்ஸ்காரன் லெபனான் சண்டையில் நின்றவன். தங்கள் முதலாவது இசைத்தட்டை ஏன் ஜெர்மனியில் பதிந்தார்கள் என்று கேட்டதற்கு, அங்கே யாரும் எடுக்கமாட்டோம் என்றார்கள், இங்கே இந்த மனிதர் எடுத்தார் என்று பாடகி சொன்னாள். அந்த வகை இசைக்கு போஸ்ட்-பங்க் என்று பெயர் என்பதும் அவள் சொல்லித்தான் தெரியும். முதல் நாள் கேட்டபோது மெஷின் வேகம் தப்பி ஓடுகிறது என்று நினைத்தேன். கிட்டார் தகரத்தைச் சுரண்டியது. பாடகி பாடவில்லை, யாரையோ ஏசிக்கொண்டிருந்தாள். மூன்றாம் நாள் ஹைமில் பாத்திரம் கழுவும்போது என் கால் அந்தத் தாளத்தைத் தட்டிக்கொண்டிருந்தது. அண்ணை கண்டுவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

நாங்கள் பேசியது இங்கிலீஷ், ஆளுக்கு ஒரு விதமாக உடைந்த இங்கிலீஷ். இங்கே அதை என் தமிழில் சொல்கிறேன்.

வேலை எனக்குத் தேன் மாதிரி இருந்தது. கசெற் நாடா விரலில் நிற்காது. இது கால் அங்குல அகலம், விநாடிக்கு ஒரு முழம் ஓடும். உலோகக் கட்டையில் பதித்து, வெள்ளைப் பென்சிலால் குறி வைத்து, சவர பிளேட்டால் சரிவாக வெட்டி, மறுபக்கத்தில் ஒட்ட வேண்டும். என் ஒட்டு ஒன்றுகூடக் கேட்கவில்லை. கூடக்காரர், ஆசிரியையின் கணவர், கட்டுப்போட்ட கையை நெஞ்சில் வைத்துக்கொண்டு பக்கத்தில் இருந்து பார்ப்பார். இரண்டாம் உலகப் போர் முடிந்தபோது அவருக்குப் பதினாறு வயதாம். பொறுமையான மனிதர். என்னில் அவருக்கு ஒரே ஒரு குறைதான் இருந்தது. அவர்கள் வாசிக்கும்போது நான் அறைக்குள் நின்றால் என் கால் ஆடுகிற சத்தம் மைக்கில் விழுகிறது என்பார். சப்பாத்தைக் கழற்றச் சொன்னார். கழற்றினேன். காலுறையோடும் விழுகிறது என்று கடைசியில் என்னை வெளியே அனுப்பினார். இரண்டு கிழமை நான் அப்படித்தான் இருந்தேன், ஒரு கையால் நாடா, மறுகையால் மேசையில் தாளம், காதில் ரயில் நிலையத்துப் பொலிஸ்காரனின் சப்பாத்துச் சத்தம்.

இரண்டாவது கிழமைப் புதன் ஹைமில் கையெழுத்து வைக்கிற நாள், நான் கூடத்துக்குப் போகவில்லை. வியாழன் மதியம் போனபோது டிரம்ஸ்காரன் விமானம் ஏறிவிட்டான். பழைய படைவீரர்களை வருஷத்தில் சில கிழமைகள் திரும்பக் கூப்பிடுவார்களாம், அவனைக் கூப்பிட்டிருந்தார்கள். பாட்டுகள் எல்லாம் பதிந்து முடிந்திருந்தன. இனி வரிசைப்படுத்தி ஒட்டுவது மட்டும்தான். திங்கட்கிழமை நாடா தட்டு அடிக்கிற ஆலைக்குப் போக வேண்டும்.

வெள்ளிக்கிழமை காலை கூடக்காரர் வைத்தியரிடம் கட்டைக் காட்டப் போனார். போகும்போது, இரண்டாம் பக்கம் ஒரு நிமிடம் அளவுக்குக் கூடிக் கிடக்கிறது, தட்டில் சத்தம் மெலிந்துவிடும், எங்கே குறைக்கலாம் என்று பார் என்றார். ஏழாம் பாட்டின் வாலைத்தான் அவர் நினைத்திருந்தார் என்று பிறகு சொன்னார். பாடகியும் பேஸ்காரனும் சாப்பாடு வாங்கப் போயிருந்தார்கள். நான் தனியே நாடாவை ஓடவிட்டேன். ஆறாம் பாட்டு முடிந்தது. அடுத்தது வரவில்லை. இரைச்சல் ஓடியது. துணி உரசுகிற மாதிரி ஏதோ கேட்டது, யாரோ மெல்லத் தொண்டையைச் செருமினார்கள். மெஷினை நிறுத்த மறந்துவிட்டார்கள் என்று எனக்குச் சிரிப்பு வந்தது. எங்கள் கடையிலும் சிநேகிதன் அப்படி மறப்பான். கடிகாரம் பார்க்கத் தேவையில்லை, சரியாக ஒரு நிமிடம். கூடிக் கிடந்த அந்த ஒரு நிமிடம் கைக்குள் வந்து விழுந்தது என்று நினைத்தேன். வெட்டினேன். ஆறையும் ஏழையும் ஒட்டினேன். போட்டுக் கேட்டேன், ஆறாம் பாட்டின் கடைசி அடியை ஏழாம் பாட்டு அப்படியே பிடித்தது. ஊரில் யாராவது கேட்டிருந்தால் என்னைத் தூக்கிக் கொண்டாடியிருப்பார்கள்.

தரையில் இருபது மீற்றருக்கு மேல் நாடா குவிந்து கிடந்தது. கூட்டி அள்ளினேன். வெளி அறையில் கோப்பி போடுகிற இடத்தில் நிலக்கரி அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. கதவைத் திறந்து உள்ளே போட்டேன். போட்ட பிறகுதான், இது ஜெர்மனி, துண்டு நாடாவை இங்கே ஒருவனும் தேடி வரமாட்டான் என்று நினைத்தேன். ஆனாலும் மனம் ஆறுதலாக இருந்தது, செய்ய வேண்டியதைச் செய்துவிட்டேன் என்று.

அவர்கள் வந்ததும் போட்டுக் காட்டினேன். பாராட்டை எதிர்பார்த்து நின்றேன் என்பதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஆறாம் பாட்டு முடிந்து ஏழாம் பாட்டு பாய்ந்து வந்தது. பேஸ்காரன் ஏதோ ஹீப்ருவில் கத்தினான். பாடகி மெஷினை நிறுத்திவிட்டு, நடுவில் இருந்தது எங்கே என்று கேட்டாள். எரித்துவிட்டேன் என்றேன். அவள் டிரம்ஸின் ஸ்டூலில் போய் உட்கார்ந்தாள்.

அவள் சொல்லித்தான் அது என்னவென்று அறிந்தேன். அவர்கள் நாட்டில் வருஷத்தில் ஒரு நாள், போர்களில் செத்தவர்களுக்காக நாடெங்கும் சைரன் சங்கு ஊதுவார்கள். அது ஊதுகிற நேரம் நாடே அப்படியே நிற்குமாம். நடுவீதியில் காரை நிறுத்தி இறங்கி, கையைத் தொங்கவிட்டு நிற்பார்களாம். டிரம்ஸ்காரனோடு பள்ளிக்கூடம் தொடங்கி ஒன்றாகப் படித்தவன் ஒருவன் லெபனானில், அவனுக்குப் பக்கத்திலேயே செத்தான். ஆறாம் பாட்டு அவனைப் பற்றியது. நாங்கள் சங்கை விட்டுவிடுவோம், நிற்பதை மட்டும் பதிவோம் என்று டிரம்ஸ்காரன் சொன்னானாம். இரண்டு கிழமையில் அவன் சொன்ன ஒரே யோசனை அதுதான். புதன்கிழமை மூன்று பேரும் அறையில் நின்றார்கள். பாட்டுகள் எல்லாம் வேறோர் அகலமான நாடாவிலும் இருந்தன, எதை இழந்தாலும் திரும்ப எடுக்கலாம். இந்த நிமிடத்தைக் கூடக்காரர் ஆறாம் பாட்டுக்குப் பின்னால் நேரே இந்த நாடாவிலேயே பதிந்தார். வேறு பிரதி இல்லை. தொண்டையைச் செருமியவன் டிரம்ஸ்காரன்.

கூடக்காரர் வந்து சேர்ந்தார். விஷயத்தைக் கேட்டு, எனக்கு முதலே சொல்லாதது தன் பிழை என்றார். அது எனக்கு ஒரு உதவியும் செய்யவில்லை. தொண்டைச் சத்தத்தைக் காதால் கேட்டும் வெட்டியவன் நான்.

பேஸ்காரன், வெறும் நாடாவில் ஒரு நிமிடத்தை ஒட்டிவிடலாம், யாருக்குத் தெரியப் போகிறது என்றான். பாடகி, டிரம்ஸ் அடித்தவனுக்குத் தெரியும் என்றாள். திரும்ப நிற்போம், மூன்று பேர் வேண்டும், மூன்று பேரின் மூச்சு வேண்டும் என்றாள். கூடக்காரர் தான் நிற்பதாகச் சொன்னார். பதினாறு வயதில் ஹிட்லரின் படையில் தான் போட்டிருந்த சீருடையைப் பற்றி அவரே ஒரு நாள் எங்களுக்குச் சொல்லியிருந்தார். பாடகி அவரைப் பார்த்து, மிகவும் மரியாதையாக, "நீங்கள் வேண்டாம்" என்றாள். அவர் தலையை ஆட்டிவிட்டு மெஷின் அறைக்குள் போனார். பிறகு அவள் என்னைப் பார்த்தாள்.

எனக்குள் இருந்ததெல்லாம் அப்போது ஒன்றாகக் கிளம்பியது. அண்ணையின் பேப்பர், ட்ரக், கிளாஸ். பிழை செய்தவன் அடங்கி நிற்க வேண்டும் என்று தெரிந்தும் நான் அடங்கவில்லை.

"ஆமிக்காரனுக்காக நான் நிற்கமாட்டேன். ஆமிக்காரர்தான் என் சிநேகிதனைக் கொண்டுபோனவர்கள். உங்கள் நாட்டு ஆட்கள்தான் அவர்களுக்குப் பழக்குகிறார்கள்."

பேஸ்காரன் கதவைத் திறந்து வெளியே போகச் சொன்னான். பாடகி அவனைக் கையால் தடுத்தாள். "உன் சிநேகிதன் செத்துவிட்டானா?" என்று கேட்டாள்.

"இல்லை," என்றேன். மிகவும் வேகமாகச் சொல்லிவிட்டேன். அவள் டிரம்ஸின் பக்கம் கையைக் காட்டினாள்.

"அப்படியென்றால் யாருக்காகவும் நிற்காதே. நீ எரித்த இடத்தில் நில். அவ்வளவுதான்."

சப்பாத்தைக் கழற்றினேன். டிரம்ஸுக்குப் பக்கத்தில், புதன்கிழமை அவன் நின்ற இடத்தில் நின்றேன். கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. அவர்களைப் பார்த்துத் தொங்கவிட்டேன். கண்ணாடிக்கு அப்பால் கூடக்காரர் இடது கையால் மெஷினை ஓடவிட்டார். அவரும் எழும்பி நின்றதைக் கண்டேன், மைக்குக்கு எட்டாத இடத்தில்.

ஒரு நிமிடம் எவ்வளவு என்று தெரிந்தவன் என்று பீற்றிக்கொண்டேனே, அன்று அது என்னை விட்டுப் போய்விட்டது. பத்து வரை எண்ணினேன், இருபது வரை எண்ணினேன். கால் ஆட வந்தது, பெருவிரலைத் தரையில் அழுத்தினேன். வேறு எதையாவது நினைக்கப் பார்த்தேன்: ரயில் நேரம், புதன்கிழமைக் கையெழுத்து, அண்ணையின் பருப்புக் கறி. அவனை நினைக்கக் கூடாது என்பது மட்டும்தான் எனக்கு முக்கியமாக இருந்தது. செத்தவர்களுக்கு நிற்கிற நிமிடத்தில் அவனை நினைத்தால் அவனை நானே அந்தக் கணக்கில் சேர்த்துவிடுவேன். முப்பத்தைந்து. சிநேகிதன் கடை மேசையில் உட்கார்ந்து, கசெற்றின் பல்லுச் சக்கரத்தில் பென்சிலைச் செருகிச் சுற்றிக்கொண்டு, நான் தேத்தண்ணிக்குப் போவதைப் பார்த்து எனக்கும் ஒன்று சொல்லு என்றான். நாற்பது. என்னை மீறி ஒரு மூச்சு வெளியே வந்தது. அழுகை என்று சொல்லமாட்டேன், ஆனால் அறைக்குள் எல்லோருக்கும் கேட்டது. மிச்ச விநாடிகள் எப்படி ஓடின என்று தெரியவில்லை.

முடிந்ததும் பேஸ்காரன் கதவைத் திறந்தபடி வைத்துவிட்டு வெளியே போய் சிகரெட் பற்றவைத்தான். ஒட்டுகிற வேலை எனக்குத்தான் இருந்தது. கட்டையில் நாடாவைப் பதித்து, அந்த மூச்சு இருந்த இடத்துக்குக் கையால் உருட்டிக் கொண்டுவந்தேன். ஒரு முழம்கூட இல்லை. குறியும் வைத்துவிட்டேன். அதை வெட்டினால் நிமிடம் சுத்தமாக இருக்கும், டிரம்ஸ்காரனுக்கும் ஒருவேளை தெரியாமல் போகலாம். பாடகி கோப்பியோடு பின்னால் வந்து நின்றாள். அவள் தடுக்கவில்லை. நான்தான் பென்சில் குறியை விரலால் துடைத்தேன். அன்று வெட்டிய முனைகளின் சின்னத் துண்டுகள் மேசையில் கிடந்தன. அவற்றை அடுப்பில் போடவில்லை, கடித உறையில் போட்டுக் கூடக்காரரிடம் கொடுத்தேன். ஏழாம் பாட்டின் வாலைக் குறைத்து இரண்டாம் பக்கத்தைச் சரிக்கட்டினோம்.

கோடையில் தட்டு வந்தது, ஜெர்மன் ஆசிரியையின் கையில். அட்டையில் என் பெயர் இல்லை. போட்டால் எனக்குத்தான் ஆபத்து என்று நானே வேண்டாம் என்றிருந்தேன். உள்ளே டிரம்ஸ்காரன் எழுதிய கடிதம் இருந்தது. பாடகி அவனுக்கு எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். ஒரு கிழமை என்னை அடிக்க வேண்டும் போல் கோபம் இருந்ததாக எழுதியிருந்தான். பிறகு அந்த நிமிடத்தைத் திரும்பத் திரும்பக் கேட்டானாம். கடிதத்தின் கடைசியில் இப்படி இருந்தது: "நாற்பதாவது விநாடியில் விடுகிற மூச்சு சும்மா நிற்கிறவனுடையது அல்ல. உன் ஆளின் பெயரை எழுது. இனிச் சங்கு ஊதும்போது என் சிநேகிதனின் பெயரோடு அந்தப் பெயரையும் சொல்வேன்."

மூன்று நாள் அந்தக் கடிதத்தோடு நடையில் நடந்தேன். அண்ணை ஒரு தரமாவது இரு என்று சொல்லவில்லை. நாலாம் நாள் ஓரிடத்தில் உட்கார்ந்து எழுதினேன், டிரம்ஸ்காரனுக்கு அல்ல, சிநேகிதனின் அம்மாவுக்கு. நாடாத் துண்டை லாச்சியில் போட்டது நான், அவனல்ல என்று முதல் வரியில் எழுதினேன். இங்கே ஒருவன் அவனுடைய பெயரைக் கேட்கிறான், செத்தவர்களுக்கு நிற்கும்போது சொல்லுவதற்காம், கொடுக்கட்டுமா என்று கடைசி வரியில் கேட்டேன். இந்த இரண்டுக்கும் நடுவில் என்ன எழுதினேன் என்று இப்போது ஞாபகம் இல்லை.

பதில் வர இரண்டு மாதம் எடுத்தது. வழமையான நீலக் கடிதம்தான். குளிருக்கு உடுப்பு இருக்கிறதா என்ற கேள்வி இல்லை, ஓரிடம் பார்த்து வை என்பதும் இல்லை. நாலே வரி.

"மோனை, அவன்ர பேரை அங்க ஒருத்தருக்கும் குடுக்காதை. செத்த ஆக்களோட என்ர பிள்ளையின்ர பேரைச் சேர்க்க வேண்டாம். லாச்சியில போட்டது நீ எண்டு எழுதியிருக்கிறாய், அதை மன்னிக்க எனக்கு ஏலாது, அது என்ர வேலையும் இல்லை. அவன் வரட்டும், அவனோட கதைச்சுக்கொள்."

டிரம்ஸ்காரனுக்கு நான் அந்தப் பெயரை எழுதவில்லை. இங்கும் எழுதவில்லை.